கஞ்சிச் சீட்டு

நர்கீஸுக்கு ஆண் குழந்தை பிறந்து ஏழாம் நாளும் கழிந்துவிட்டது. இன்னும் பேர் வைக்கவில்லை. பேர் வைக்க வேண்டிய தகப்பன் சேக் பரீது அடுத்த தெருவில்தான் இருந்தார். காலையில் மதுரை ரயிலைப் பிடிக்க மாமியார் வீட்டு வாசலைத் தாண்டித்தான் சைக்கிளில் போவார். உள்ளே குழந்தை அழுவது தெருவுக்குக் கேட்கும். அந்த இடத்தில் சைக்கிள் மெதுவாகும். நிற்காது.

இது பேகம்பூர் முழுக்கத் தெரிந்த விஷயம். காரணம்தான் யாருக்கும் விளங்கவில்லை. சொத்துத் தகராறு இல்லை. நகை நட்டில் குறை இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, தர்ஹாவில் வேண்டி வேண்டிப் பிறந்த பிள்ளை. "ஏதோ மிஷினாம்" என்றார்கள். "மிஷினுக்கும் பிள்ளைக்கும் என்னா சம்பந்தம்?" என்று கேட்டால், "அதான் தெரியலங்குறேன்" என்றார்கள்.

மிஷின் நர்கீஸின் தம்பி பக்ருதீனுடையது. அவனுடையது என்றால் அவன் வேலை பார்ப்பது. தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நின்று காலம் கழித்தவர் அவன் அத்தா. அவர் மவுத்தான பிறகு பள்ளிவாசல் ஆட்களும் உறவினரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து அவனை இன்ஜினீயருக்குப் படிக்க வைத்தார்கள். மெட்ராஸில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை. முதலில் கூட்டல் மிஷின்களுக்கு எண்ணெய் போட்டான். பிறகு பெரிய ஆபீஸ்களில் துளை போட்ட அட்டைகளைப் பிரித்து அடுக்குகிற மிஷின்களைப் பழுது பார்த்தான். அட்டை சிக்கினால் எந்த உருளையில் சிக்கியது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான் என்று பேர் வாங்கினான். பம்பாய்க்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவன் வேலைக்குப் புதுப் பேர் வந்திருந்தது. கம்ப்யூட்டர் இன்ஜினீயர்.

ஊரில் அந்தப் பேரை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. அவன் லீவில் வந்தால் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரேடியோவைக் கொண்டு வருவார்கள். ஒருமுறை மாவு மில்காரர் ஆள் அனுப்பினார். பக்ருதீன் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பான். பாதி ஓடும்.

அறுபத்தாறாம் வருஷம் மார்கழியில் நோன்பு வந்தது. பெருநாள் முடிந்ததும் மெட்ராஸில் ஒரு பெரிய இன்சூரன்ஸ் ஆபீஸில் கம்ப்யூட்டரை நிறுவ வேண்டும் என்று கம்பெனி அவனுக்குச் சொல்லியிருந்தது. அந்த ஆபீஸின் மதுரைக் கிளையில்தான் சேக் பரீது கிளார்க். கிளார்க் மட்டுமில்லை, யூனியனில் முன்னால் நிற்கிற ஆள். மிஷின் வந்தால் ஆயிரம் பேர் வேலை போகும் என்று யூனியன் நோட்டீஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. மதுரைக் கூட்டத்தில் யாரோ எழுந்து, "மிஷின மாட்டப் போறதே நம்ம பாயோட மச்சினன்தானாமே! வீட்டுக்குள்ள வில்லன வச்சுக்கிட்டு வீதியில என்னா கோஷம்?" என்று கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். சேக் பரீதுக்கு முகம் சிவந்தது. "அவன் அந்த வேலைய விடுற வரைக்கும் அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். கைதட்டினார்கள்.

அதற்கு அடுத்த நாள்தான் பிள்ளை பிறந்தது.

பக்ருதீனின் அம்மா அஜீஸுன்னிசா, லீவில் வந்திருந்த மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அடுப்பில் மகளுக்குப் பத்திய ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏன்டா பக்ரு, அந்த மிஷினு என்னதான்டா செய்யும்? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

"கணக்குப் போடும்மா."

"கணக்குப் போடத்தான் மருமகன் இருக்காரே?"

பக்ருதீன் அடுப்பில் விறகைத் தள்ளினான்.

"அவரு தப்பாப் போடுறாரா?"

"இல்லம்மா. இது வேகமாப் போடும்."

"வேகமாப் போட்டு? செத்த நேரம் முன்னாடி போட்டு என்னா பண்ணப் போறாக? ரயிலு அந்நேரத்துக்குத்தானே வருது."

"அம்மா, அது அப்பிடியில்ல…"

"அப்ப எப்பிடி? அது வந்தா அவருக்கு வேல போயிருமா போகாதா? அதச் சொல்லு."

"கம்பெனி போகாதுங்குது."

"நீ என்னா சொல்ற?"

அவன் ரசத்தில் எழும்பி உடைகிற நுரையைப் பார்த்தான். "எனக்குத் தெரியலம்மா" என்றான். உண்மையிலேயே தெரியவில்லை. பம்பாயில் பாடம் நடத்தியவர்கள் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். இதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தான். அவன் விட்டால் வேறொருவன் மாட்டுவான். அக்கா வீட்டுக்காரர் வந்து பிள்ளையைப் பார்ப்பார். ஆனால் ஊர் சேர்ந்து படிக்க வைத்த படிப்பு? ஒரு பக்கம் யோசித்தால் ஒன்று சரியாக இருந்தது. மறுபக்கம் திரும்பிப் படுத்தால் இன்னொன்று சரியாக இருந்தது.

"இன்ஜினீயருக்குப் படிக்க வச்சா தெரியலங்குறான்" என்று அஜீஸுன்னிசா ரசத்தை இறக்கினாள்.

அவன் வரும்போது ஒரு அட்டைக்கட்டைக் கொண்டு வந்திருந்தான். மிஷின் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க அவனே மாதக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கியது. ஒவ்வொரு அட்டையிலும் துளைகள். வரிசையாக மிஷினுக்குள் போனால் ஒவ்வொரு பாகத்தையும் அது சோதித்துச் சொல்லும். வரிசை மாறினால் ஒன்றுக்கும் ஆகாது. எழுதி வைத்த தாள்கள் மெட்ராஸில் இருந்தன. ஆனால் பிறகு செய்த திருத்தமெல்லாம் அட்டையில்தான் இருந்தது. லீவில் உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று எடுத்து வந்து, தகரப் பெட்டியின் மேல் வைத்திருந்தான்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பெட்டியின் மேல் ஒன்றுமில்லை.

"அம்மா, இங்க இருந்த அட்டை?"

"அதுவா? பள்ளிவாசல் மோதினார்ட்ட குடுத்துட்டேன்."

"என்னது?"

"கஞ்சிச் சீட்டுக்கு அட்ட இருக்கான்னு கேட்டாரு. காயிதத்துல குடுத்தா தூக்குவாளித் தண்ணி பட்டு நைஞ்சு போகுதாம். ஒன்னோடது நல்ல கெட்டி அட்டையா இருந்துச்சு. எல்லாம் பூச்சி அரிச்சு ஓட்டையாப் போச்சு, எதுக்குத்தான் இத வச்சிருக்கானோன்னு…"

மகன் முகத்தைப் பார்த்து அவள் நிறுத்தினாள். "என்னடா? பூச்சி அரிச்சது இல்லையா அது?"

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி தேக்சாவில் கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் வெந்த வாசனை தோல் ஷாப்பு வாடையை அமுக்கிவிட்டு நின்றது. மோதினார் ஒவ்வொரு அட்டையிலும் மையால் ஒரு பிறை போட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து முடித்திருந்தார். நோன்பு முடியும்வரை அதைக் காட்டினால்தான் கஞ்சி.

"ஒன்னுகூடப் பாக்கி இல்ல தம்பி" என்றார். "ஏன், அம்மாவுக்கு வேணுமா?"

பக்ருதீன் ஒரு பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக இறங்கினான். அது அவன் நினைத்ததுபோல் எளிதாக இல்லை. பேகம்பூர் அதற்குள் அட்டையை ஆராய்ந்து முடித்திருந்தது.

"தம்பி, நல்லவேள நீயே வந்த" என்று நசீம் பானு வாசலிலேயே மறித்தாள். "இதென்னா நியாயம்? எதுத்த வீட்டுக்காரிக்கு அட்ட பூரா ஓட்ட. எனக்குப் பாரு, ரெண்டு வரிசதான். எங்க வீட்டுல ஏழு உசுரு. அவ வீட்டுல மூணு பேரு. ஓட்டைக்குத் தக்கனதானே கஞ்சி ஊத்துவாக?"

"இல்ல மாமி. ஓட்டைக்கும் கஞ்சிக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப எதுக்கு ஓட்ட?"

"அது மிஷினுக்கு."

"மிஷினு கஞ்சி குடிக்குமா?"

எதிர்வீட்டுக்காரி கதவிடுக்கில் நின்று, "குடுத்துறாதக்கா! கொறஞ்ச ஓட்டைய வாங்கிட்டு நெறஞ்ச ஓட்டைய வேற யாருக்கோ குடுக்கப் போறாக" என்றாள்.

அட்டையை வாங்கினால் பதிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். அவனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நோன்பு வயிற்றோடு தெருவின் நடுவில் நின்றான்.

அப்போது ஒரு சைக்கிள் வந்து நின்றது. சேக் பரீது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் கையிலும் ஒரு அட்டை இருந்தது.

"எங்க வீட்டுக்கு வந்த கஞ்சிச் சீட்டு" என்றார், அவனைப் பார்க்காமல். "பாத்ததும் தெரிஞ்சு போச்சு. எங்க நோட்டீசுல இதோட படம்தான் போட்டிருக்கோம்."

பக்ருதீன் வாங்கிக்கொண்டான். சலாம் சொல்லவே மறந்துவிட்டான். நடந்ததைச் சொன்னான்.

சேக் பரீதுக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"கலைஞ்சு போச்சா எல்லாம்?"

"கலைஞ்சு போச்சு மச்சான்." பிறகு சொன்னான்: "இது அந்த மிஷினுக்குத்தான். ஒங்க ஆபீசுக்கு வாரதுக்கு. சொல்லாம ஒங்ககிட்ட வாங்கக் கூடாது."

சேக் பரீது சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு நின்றார். இந்த அட்டைகள் இப்படியே கஞ்சிக் கறையோடு பேகம்பூரில் கிடந்தால் மிஷின் எத்தனை நாள் தாமதமாகும் என்று அவர் நினைத்திருக்கலாம். நினைக்காமலும் இருந்திருக்கலாம். கடைசியில் சைக்கிள் பின்னால் கட்டியிருந்த நோட்டீஸ் கட்டை அவிழ்த்தார்.

"பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. மடிச்சாக் கெட்டியா இருக்கும். மோதினார்ட்ட சொல்லிப் பிறை போடச் சொல்லு. வீட்டுக்கு ஒன்னாக் குடுத்து வாங்கிருவோம்."

"மச்சான், ஒங்க யூனியன்ல…"

"கலைஞ்ச அட்டையப் பாத்துட்டு என்னால தூங்க முடியாதுப்பா. கிளார்க்குப் புத்தி. நட."

நாலைந்து தெருவுக்கும் இருவரும் போனார்கள். மாப்பிள்ளை வந்து கேட்டதும் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொடுத்தார்கள். அதோடு, "பிள்ளைய எப்ப மாப்ள பாக்கப் போறீக?" என்றும் கேட்டார்கள். அவர் காது கேளாதவர்போல் நோட்டீஸை மடித்தார். பேகம்பூர் முழுவதும் அன்று 'வேலை தின்னும் எந்திரம் வேண்டாம்' என்ற சீட்டைக் காட்டிக் கஞ்சி வாங்கியது.

அடுக்குவதற்கு அவர் வீட்டுக்குள் வரவில்லை. பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுலு ஓரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். அட்டையின் கடைசியில் வரிசை எண் இருந்தது, ஆனால் எழுத்தாக இல்லை. துளையாக இருந்தது.

"இதுல எண்ணு எங்க இருக்கு?"

"அட்ட பூரா எண்ணு அச்சடிச்சிருக்கு பாருங்க மச்சான். கடைசிப் பத்திகள்ல எந்த எண்ணு இருக்க வேண்டிய எடத்துல ஓட்ட விழுந்திருக்கோ, அதான் எண்ணு."

"எது இல்லையோ அது."

"ஆமா."

சேக் பரீது ஒரு அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கை, பாலிசிக் காகிதங்களை வருஷக்கணக்காக அடுக்கிய அதே வேகத்துக்கு வந்தது. நூறு நூறாகப் பிரித்தார். பிறகு பத்துப் பத்தாக.

"இம்புட்டுத்தானா?" என்றார் நடுவில். குரலில் சந்தோஷம் இருந்ததைக் கேட்டு அவருக்கே பயம் வந்துவிட்டது போலிருந்தது.

கடைசியில் ஒன்று குறைந்தது. மோதினாரைக் கேட்டார்கள். அவர் தாடியைத் தடவினார். "அகரத்துப் பூக்காரம்மா ஜக்கம்மாளுக்கு ஒன்னு குடுத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிவாசல் கஞ்சி குடுத்தா நல்லதுன்னு வந்து நின்னுச்சு. அம்புட்டுத் தூரத்துலேருந்து வாரவ, வரிசையில நிக்க வேணாமேன்னு சட்டியிலேருந்து மொதக் கரண்டிய ஊத்திவிட்டேன். சீட்டத் திருப்பி வாங்கல."

மறுநாள் சேக் பரீது ஆபீஸுக்கு லீவு போட்டார். லுஹர் தொழுதுவிட்டு, நோன்போடு இருவரும் மாறி மாறி மிதித்து அகரத்துக்குப் போனார்கள். மார்கழிப் பனி விலகி, சிறுமலை நீலமாகத் தெரிந்தது. செவ்வந்திக் காட்டில் பெண்கள் குனிந்து பூ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ பம்புசெட் ஓடியது. பக்ருதீன் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், சத்தியமாச் சொல்றேன். அது ஒங்க வேலைய எடுக்குமா எடுக்காதான்னு எனக்குத் தெரியல."

"கம்பெனிக்காரன் எடுக்காதுங்குறான். யூனியன் எடுக்கும்ங்குது. ரெண்டு பேருமே நாளைக்கு நடக்கப் போறத நேருல பாத்த மாதிரி பேசுறாக." அவர் மூச்சு வாங்கினார். "நீ ஒருத்தன்தான் தெரியலங்குற. ஒன்னோட சண்ட போடுறதுதான் கஷ்டமா இருக்கு."

"வேலைய விட்றவா?"

"விட்டா என்னா செய்வ?"

"தெரியல."

"அதுவும் தெரியாதா? நல்ல இன்ஜினீயரு."

ஜக்கம்மாளின் வீடு தோட்டத்து ஓரத்தில் ஓலை வேய்ந்தது. அவள் புருஷன் சோலைமலை கிணற்றடியில் வாய்க்கால் வெட்டி விட்டுக்கொண்டிருந்தான். அவள் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வாங்க பாய், வாங்க. பிள்ள பொழச்சுக்கிருச்சு!" என்று கேட்காமலே சொன்னாள். "நேத்துலேருந்து காய்ச்சல் இல்ல. ஒங்க கஞ்சியும் அந்தச் சீட்டுந்தான்."

விட்டத்திலிருந்து சேலைத் தூளி தொங்கியது. தூளிக் கயிற்றில், மஞ்சள் நூலில் கோத்து, அந்த அட்டை கட்டியிருந்தது. மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தாள். நல்லவேளையாகத் துளைகளை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பிறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். கூரை இடுக்கு வழியாக வந்த வெயில் துளைகளில் புகுந்து பிள்ளையின் வயிற்றில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. பிள்ளை அதைப் பிடிக்கக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"பள்ளிவாசல்ல ஓதிக் குடுத்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள் ஜக்கம்மாள். "எழுத்தா இல்லாம ஓட்டையா இருக்கு. சாமி காரியம், நமக்கு வெளங்கணும்னு என்னா இருக்கு?"

பக்ருதீன் வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுத்தான். அவள் முகம் மாறியது. "வேணுமாப்பு? ஒங்களதா? எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க." கையைக் கயிற்றுக்குக் கொண்டு போனாள். முடிச்சைத் தேடினாள்.

"இருக்கட்டும்மா" என்றார் சேக் பரீது. "அவிழ்க்காத. பாத்து எழுதிக்கிறோம். பாத்தாப் போதும்தானே பக்ரு?"

"போதும். எந்தெந்த எடத்துல ஓட்டைன்னு தெரிஞ்சா வேற அட்டையில போட்டுக்கலாம்."

சேக் பரீது சட்டைப் பையிலிருந்து மிச்சமிருந்த ஒரு நோட்டீஸை எடுத்து, பின்பக்கத்தை முழங்காலில் விரித்தார். பக்ருதீன் தூளிக்குள் குனிந்து ஒவ்வொரு துளையாகச் சொன்னான். அவர் எழுதினார். எழுதி முடித்து, ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தார். அவன் தலை நிழல் விழுந்ததும் வெளிச்சப் புள்ளிகள் மறைந்தன. பிள்ளை அழுதது. அவன் விலகியதும் சிரித்தது.

ஜக்கம்மாள் நீத்தண்ணி கொண்டுவரப் போய், நோன்பு என்று நினைவு வந்து நின்றாள். பதிலாக ஒரு பந்து செவ்வந்தியை வாழைநாரில் கட்டிக் கொடுத்தாள். "ஒங்களுக்கு எத்தன பிள்ளக பாய்?" என்று சேக் பரீதிடம் கேட்டாள்.

"ஒன்னு. இப்பத்தான்."

"பேரு என்னா?"

அவர் நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"யாரு சாயலு? ஒங்களப் போலயா, அதோட அம்மாவப் போலயா?"

அவர் தூளிக்குள் எட்டிப் பார்த்தார். ஜக்கம்மாள் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று குழம்பிப் பக்ருதீனைப் பார்த்தாள்.

திரும்பும்போது சேக் பரீது மிதிக்கவில்லை. பின்னால் பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேகம்பூருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்து, மஹ்ரிப் பாங்குக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. பிள்ளைகள் தூக்குவாளிகளோடு பள்ளிவாசலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். மாமியார் வீட்டு வாசலில் பக்ருதீன் சைக்கிளை நிறுத்தினான். அவர் இறங்கினார். படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அஜீஸுன்னிசா கதவருகே வந்தவள், வா என்றும் சொல்லவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே திரும்பி, "நர்கீஸு, கஞ்சி இன்னொரு கிண்ணத்துல ஊத்தி வையி" என்று மட்டும் சொன்னாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தார்.

"நாளைக்கு யூனியன் ஆபீசுல நானே சொல்லிருவேன்" என்றார், பக்ருதீனுக்கு மட்டும் கேட்கும்படி. "மிதிச்சுட்டேன்னு. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக."

"அப்ப நான்…"

"நீ போ. பெருநா முடிஞ்சு மெட்ராசுல மறியல் இருக்கு. நானும் வருவேன். வெளிய நின்னு கத்துவேன். மனசாரக் கத்துவேன், அதுல ஒன்னும் கொறைக்க மாட்டேன். நீ உள்ள ஒன் வேலையப் பாரு. சத்தம் கேட்டா நான்தான்னு நெனச்சுக்க."

உள்ளே நர்கீஸ் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதன் வலது காதில் மெல்லப் பாங்கு சொன்னார். அதே நேரம் பள்ளிவாசலிலிருந்தும் பாங்கு கேட்டது. குழந்தை எதைக் கேட்பது என்று தெரியாமல் கண்ணை உருட்டியது. பாங்கு முடிந்ததும் அவர் அதன் காதில் பேரைச் சொன்னார். அஜீஸுன்னிசா பேரீச்சம்பழத்தை நீட்டினாள்.

"மாப்ளே, நீங்களாவது சொல்லுங்க. அந்த மிஷினு நல்லதா கெட்டதா?"

சேக் பரீது கஞ்சியை ஒரு வாய் குடித்தார். "தெரியல மாமி" என்றார்.

"சரியாப் போச்சு" என்றாள் அவள். "ரெண்டு பேரும் ஒரு பள்ளிக்கூடந்தான்."

பெருநாள் கழிந்து மெட்ராஸில் அட்டைக்கட்டு வரிசையாக மிஷினுக்குள் போனது. எல்லா அட்டைகளிலும் பிறை இருந்தது. ஒரே ஒரு அட்டை மட்டும் புதுசு. கூட நின்ற வடநாட்டு அதிகாரி பிறை என்ன அடையாளம் என்று கேட்டார். "சரிபார்த்தது" என்றான் பக்ருதீன். மிஷின் ஒவ்வொரு பாகமாகச் சோதித்து, எல்லாம் சரி என்று அச்சடித்துத் தள்ளியது. எல்லோரும் கை குலுக்கினார்கள்.

அந்த அறைக்கு இரட்டைக் கதவு. தூசியும் வெப்பமும் வரக்கூடாது என்பதற்காக அதைத் திறந்து வைக்கக் கூடாது என்று அவனே எழுதி ஒட்டியிருந்தான். வெளியே வாசலில் கூட்டம் என்று காவல்காரர் வந்து சொன்னார். உள்ளே குளிர்சாதனத்தின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

அதிகாரி சாப்பிடப் போனதும் பக்ருதீன் எழுந்து போய் இரண்டு கதவையும் ஒரு கையகலம் திறந்து பிடித்துக்கொண்டான். வெயிலும் தூசியும் மனிதச் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன. அத்தனை குரலில் மச்சானின் குரல் எது என்று அவனுக்குப் பிரித்துத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே நின்றான்.